உலர்நிலையிலும் நீர்நிலையிலும் கார்பன் இழைக் கூட்டுப்பொருள்களின் தேய்மானம்: ஓர் ஒப்பாய்வு

1. முன்னுரை

உரசி நகரும் இரண்டு பரப்புகளுக்கு இடையே நீர் புகுந்தால் உராய்வு குறையும், உராய்வு குறைந்தால் தேய்மானமும் குறையும் என்றே பெரும்பாலோர் எதிர்பார்க்கிறார்கள். எண்ணெய் இட்ட உலோகப் பேரிங்குகளோடு பழகியதால் வந்த எதிர்பார்ப்பு இது. கார்பன் இழை சேர்த்த பாலிமர் கூட்டுப்பொருள்கள் இதற்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. உலர்நிலையில் மிகக் குறைவாகத் தேயும் ஒரு பொருளை நீருக்குள் இறக்கினால், அதன் உராய்வு தணிந்தாலும் தேய்மானம் பெருகிவிடுவதுண்டு. வேறொரு பொருளுக்கு இரண்டுமே குறைகின்றன. இந்த வேறுபாட்டின் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1.1 ஆய்வின் தேவை

நீரையே உயவுப்பொருளாகக் கொண்டு இயங்கும் எந்திரங்கள் பழங்காலம் முதல் உள்ளவை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ஜான் பென், லிக்னம் வைட்டே என்னும் வன்மரத்தைக் கப்பலின் புரொப்பெல்லர் தண்டுக்குப் பேரிங்காகப் பொருத்தினார். கடல்நீரே அதற்கு உயவு. பின்னர் எண்ணெய்ப் பேரிங்குகள் பரவின. எண்ணெய் கசிந்து கடலில் கலப்பதைத் தடுக்கும் விதிகள் இறுகியதால் இன்று பார்வை மீண்டும் நீரின் பக்கம் திரும்பியிருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013இல் கப்பல்களுக்கு வகுத்த பொது அனுமதி விதிகள், எண்ணெயும் கடல்நீரும் சந்திக்கும் இடங்களில் சூழலுக்கு உகந்த உயவுப்பொருளையே கோரின. நீர்மின் நிலைய டர்பைன்கள், செங்குத்துப் பம்புகள், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் உயரழுத்தப் பம்புகள் ஆகியவற்றிலும் எண்ணெய் கலவாத பேரிங் வேண்டப்படுகிறது. அந்த இடத்தை நிரப்பும் பொருள்களில் முன்னணியில் நிற்பவை கார்பன் இழைக் கூட்டுப்பொருள்கள்.

1.2 ஆய்வின் எல்லை

பாலிமரை அடிப்பொருளாகக் கொண்ட கூட்டுப்பொருள், வழவழப்பாக்கப்பட்ட எஃகின் மீது சறுக்கி உரசும் நிலையே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. மணல் கலந்த நீரால் நேரும் அறுப்புத் தேய்மானம் தனி ஆய்வுக்குரியது. கார்பன் அடிப்பொருளில் கார்பன் இழையே பதிந்த கூட்டுப்பொருள், ஒப்பீட்டுக்காக மட்டும் ஓரிடத்தில் பேசப்படுகிறது.

2. ஆய்வு வரலாறு

எடிசன் 1879இல் மின்விளக்குக்காகச் செய்த கார்பன் இழை வலிமைக்காகச் செய்யப்பட்டதல்ல. வலிமை மிக்க கார்பன் இழையின் காலம் 1958இல், அமெரிக்காவின் யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் ரோஜர் பேகன் கண்ட கிராஃபைட் நுண்ணிழைகளோடு தொடங்குகிறது. 1960களின் முற்பகுதியில் ஜப்பானின் ஒசாகாவில் அக்கியோ ஷிண்டோவும், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் அரசு விமானவியல் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் வாட் குழுவினரும் பாலிஅக்ரிலோநைட்ரைல் இழையைச் சுட்டுக் கார்பன் இழையாக்கும் வழியைச் செம்மைப்படுத்தினார்கள். இன்று உலகில் விற்கும் கார்பன் இழையில் மிகப்பெரும் பகுதி இந்த வழியில் வந்ததே.

உராய்வியல் தனித்துறையாகப் பெயர் பெற்றதும் அதே காலத்தில்தான். தேய்மானத்தாலும் உராய்வாலும் பிரிட்டனின் தொழில்துறை அடையும் இழப்பைக் கணக்கிட்டுக் காட்டிய பீட்டர் ஜோஸ்ட் குழுவின் அறிக்கை 1966இல் வெளிவந்தது. இரண்டு ஓடைகளும் ஃபார்ன்பரோவில் சேர்ந்தன. அங்கு பணிபுரிந்த லங்காஸ்டர், பாலிமர்களின் உராய்விலும் தேய்மானத்திலும் கார்பன் இழை செய்யும் மாற்றத்தை 1968இல் எழுதினார். நீரும் நீர்க்கரைசல்களும் இப்பொருள்களுக்கு உயவாகும் விதத்தை 1972இல் தனிக் கட்டுரையாக வெளியிட்டார். இத்துறையின் அடிப்படைக் கேள்விகளை எழுப்பிய கட்டுரை அது. பின்னாளில் ஜெர்மனியின் கைசர்ஸ்லாவ்டர்னில் கிளவுஸ் ஃப்ரீட்ரிக்கும், டெல்லி ஐ.ஐ.டி.யில் ஜெயஸ்ரீ பிஜ்வேயும் பாலிமர் கூட்டுப்பொருள்களின் தேய்மானத்தை விரிவாக ஆராய்ந்தவர்கள்.

3. பொருளின் கட்டமைப்பு

தேய்மானத்தைப் புரிந்துகொள்ள, கூட்டுப்பொருளை மூன்று உறுப்புகளாகப் பார்க்க வேண்டும்: இழை, அடிப்பொருள், இரண்டும் ஒட்டும் இடைமுகம். நீர் இம்மூன்றையும் வெவ்வேறு விதமாகத் தாக்குகிறது.

3.1 இழை

ஓர் இழையின் விட்டம் 5 முதல் 8 மைக்ரோமீட்டர். பரவலாகப் பயன்படும் வலிமை வகை இழையின் மீட்சிக் குணகம் சுமார் 230 கிகாபாஸ்கல். எஃகினுடையதைவிடச் சற்று அதிகம். இழையை 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் மீண்டும் சுட்டால் உள்ளிருக்கும் கார்பன் அடுக்குகள் இழையின் நீளவாக்கில் ஒழுங்குபட்டுக் கிராஃபைட் தன்மை கூடுகிறது, விறைப்பு உயர்கிறது. உரசலில் இவ்விரு வகைகளும் ஒன்றல்ல. கிராஃபைட் தன்மை மிக்க இழை எளிதில் அடுக்கடுக்காகச் சறுக்கும். எதிரே உரசும் தளமான எதிர்த்தளத்தை அதிகம் கீறாது. வலிமை வகை இழை கடினமானது. மென்மையான உலோகத்தைக் கீறிவிடும்.

பெரும்பாலான பேரிங்குகளில் இழை மிகக் குறுகிய துண்டுகளாக, பாலிமரோடு உருக்கிக் கலந்து அச்சில் வார்க்கப்படுகிறது. சுமை மிகுந்த இடங்களில் நீள் இழையும் துணியாக நெய்த இழையும் பயன்படுகின்றன.

3.2 அடிப்பொருள்

இக்கட்டுரையின் நோக்கில் அடிப்பொருளின் முதன்மைப் பண்பு அது உறிஞ்சும் நீரின் அளவு. டெஃப்லான் நீரை ஏற்பதே இல்லை எனலாம். பீக் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பாலிஈதர் ஈதர் கீட்டோன் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஏற்கிறது. எப்பாக்சி, அதன் வேதியமைப்பைப் பொறுத்து, ஒன்று முதல் சில விழுக்காடு வரை ஏற்கும். நைலான் 66 நீரில் மூழ்கி நிறைவுற்றால் தன் எடையில் சுமார் 8 விழுக்காடு நீரை வாங்கிக்கொள்ளும்.

வெப்பம் தாங்கும் திறனிலும் பீக் தனித்து நிற்கிறது. அதன் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை 143 டிகிரி செல்சியஸ், உருகுநிலை 343 டிகிரி செல்சியஸ். பேரிங்குக்கென்றே செய்யப்படும் பீக் வகைகளில் கார்பன் இழை, கிராஃபைட், டெஃப்லான் ஒவ்வொன்றும் 10 விழுக்காடு சேர்ப்பது நிலைபெற்ற வழக்கம். இழை சுமையைத் தாங்க, மற்ற இரண்டும் உராய்வைத் தணிக்கின்றன.

3.3 இடைமுகம்

கார்பன் இழையின் பரப்பு இயல்பில் வழுக்கலானது. பாலிமர் அதில் நன்றாகப் பிடிக்காது. அதனால் ஆலையிலேயே இழையின் மேற்பரப்பை மின்முறையில் ஆக்சிஜனேற்றி, மெல்லிய பூச்சும் இடுகிறார்கள். அந்தப் பூச்சு எப்பாக்சிக்கு ஏற்றதாக இருந்து அடிப்பொருள் பீக்காக அமைந்துவிட்டால் பிடிப்பு தளரும். தளர்ந்த இடைமுகம் உலர்நிலையில் ஒரு குறை. நீருக்குள் அதுவே அழிவின் வாயில்.

4. அளவிடும் முறை

4.1 தன் தேய்மான வீதம்

ஜான் ஆர்ச்சர்டு 1953இல் வகுத்த விதிப்படி, தேய்ந்த பருமன் சுமைக்கும் சறுக்கிய தூரத்துக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. தேய்ந்த பருமனைச் சுமையாலும் தூரத்தாலும் வகுத்தால் கிடைப்பது தன் தேய்மான வீதம். அலகு, ஒரு நியூட்டன்-மீட்டருக்கு இத்தனை கன மில்லிமீட்டர். கலப்பற்ற டெஃப்லானுக்கு இது 10⁻⁴ முதல் 10⁻³ வரை; நன்கு வடிவமைத்த கார்பன் இழை–பீக் கூட்டுப்பொருளுக்கு உலர்நிலையில் 10⁻⁶ அல்லது அதற்கும் கீழ்.

இந்த எண்ணின் பொருளை ஒரு கணக்கால் உணரலாம். வீதம் 10⁻⁶, அழுத்தம் 1 மெகாபாஸ்கல், வேகம் நொடிக்கு 1 மீட்டர் எனக் கொண்டால், பரப்பு மணிக்கு 3.6 மைக்ரோமீட்டர் தேயும். 1000 மணி நேரத்தில் 3.6 மில்லிமீட்டர். வீதம் 10⁻⁷ ஆக இறங்கினால் அதே காலத்தில் 0.36 மில்லிமீட்டர்தான். பேரிங்கின் ஆயுளைத் தீர்மானிப்பது அடுக்குக்குறியில் உள்ள இந்த ஒற்றை இலக்க வேறுபாடு.

4.2 சோதனைக் கருவிகள்

சுழலும் எஃகு வட்டின் மீது கூட்டுப்பொருள் முளையை அழுத்தும் முறை ஏ.எஸ்.டி.எம். ஜி99 தரத்திலும், சுழலும் வளையத்தின் மீது கட்டையை அழுத்தும் முறை ஜி77 தரத்திலும் வகுக்கப்பட்டுள்ளன. நீர்ச்சோதனைக்கு வட்டை நீர்த்தொட்டிக்குள் அமைக்கிறார்கள், அல்லது உரசும் இடத்தில் நீரைச் சொட்டவிடுகிறார்கள். இரண்டும் ஒரே முடிவைத் தருமென எண்ணக் கூடாது. சொட்டும் நீரில், தேய்ந்த துகள்கள் எஃகின் மீது அமைக்கும் படலத்தின் ஒரு பகுதி தங்கக்கூடும். மூழ்கிய நிலையில் அதற்கு இடமில்லை.

4.3 எடையிடலில் உள்ள பிழை

தேய்மானத்தைப் பொதுவாக எடையிழப்பாக அளக்கிறார்கள். நீர்ச்சோதனையில் இது பெரும் பிழைக்கு இடமளிக்கும். 4 × 4 × 10 மில்லிமீட்டர் அளவுள்ள கார்பன் இழை–பீக் முளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.4 கிராம் என்றால் எடை 224 மில்லிகிராம். வீதம் 10⁻⁶ எனில், 100 நியூட்டன் சுமையில் 5000 மீட்டர் சறுக்கிய பின் அது இழக்கும் எடை 0.7 மில்லிகிராம். இதற்குள் அந்த முளை 0.3 விழுக்காடு நீரை உறிஞ்சியிருந்தால், கூடும் எடை ஏறத்தாழ அதே 0.7 மில்லிகிராம். தராசு தேய்மானமே இல்லை என்று காட்டும்!

ஆகவே மாதிரியை முன்கூட்டியே நீரில் ஊறவைத்து நிறைவுறச் செய்வது, ஊறும் ஆனால் உரசாத இணை மாதிரியை உடன் வைத்து எடையிடுவது, உயரக் குறைவையும் நேரடியாக அளப்பது ஆகிய மூன்றும் நீர்ச்சோதனையில் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியவை. நீர் ஊடுருவ ஆகும் காலம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், மெல்லிய மாதிரியில் கண்ட முடிவைத் தடித்த பேரிங்குக்கு அப்படியே பொருத்துவதும் தவறு.

5. உலர்நிலையில் தேய்மானம்

5.1 சுமைப் பகிர்வு

உரசத் தொடங்கியதும் மென்மையான பாலிமர் முதலில் தேய்கிறது. இழைகளின் முனைகளும் விளிம்புகளும் சற்று மேலே துருத்தி நின்று, சுமையின் பெரும் பங்கை ஏற்கின்றன. பாலிமர் எஃகோடு நேரடியாக ஒட்டி இழுபடுவது குறைகிறது. கார்பன் இழை தேய்மானத்தைக் குறைப்பதற்கு இது முதற்காரணம்.

5.2 ஒட்டுப்படலம்

இரண்டாவது காரணம் எதிர்த்தளத்தில் நிகழ்கிறது. தேய்ந்த பாலிமரும் கிராஃபைட்டும் நுண்துகள்களாகி எஃகின் பள்ளங்களில் அடைந்து, அழுந்தி, மெல்லிய படலமாகப் பரவுகின்றன. அதன் பின் கூட்டுப்பொருள் உரசுவது எஃகின் மீதல்ல, தான் விட்ட படலத்தின் மீது. எஃகின் கூர்மேடுகள் மறைகின்றன. தேய்மானம் தொடக்கத்தில் வேகமாகவும், படலம் அமைந்தபின் சீராகவும் நடக்கிறது. படலம் மெல்லியதாக, தொடர்ச்சியாக, எஃகோடு இறுகப் பிடித்திருந்தால் தேய்மானம் குறைவு. திட்டுத்திட்டாக உரிந்து வந்தால் ஒவ்வொரு உரிதலையும் ஈடுசெய்யப் புதிய பொருள் செலவாகும். எஃகின் சொரசொரப்புக்கு உலர்நிலையில் ஓர் உகந்த அளவு இருப்பது இதனால்தான்: மிக வழவழப்பான தளத்தில் படலம் பிடிக்காது, மிகச் சொரசொரப்பான தளம் இழையை உடைக்கும்.

5.3 இழை அழியும் படிகள்

முதலில் இழையின் மேற்பகுதி தட்டையாகத் தேய்ந்து மெலிகிறது. மீண்டும் மீண்டும் வரும் உராய்வுத் தகைவால் மெலிந்த இழையில் குறுக்கு வெடிப்பு விழுகிறது. வெடித்த துண்டின் விளிம்பில் பாலிமர் பிடிப்பை விடுகிறது. இறுதியில் துண்டு பெயர்ந்து வெளியேறுகிறது. வெளியேறிய துண்டு உடனே அகலாமல் இடையில் சிக்கினால் மூன்றாம் பொருளாகி எஃகையும் கூட்டுப்பொருளையும் ஒருசேரக் கீறும். மெலிதல் மட்டும் நிகழும் நிலை மென்மையான தேய்மானம். பெயர்தல் தொடங்கிய நிலை கடுமையான தேய்மானம். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் எல்லையைத் தள்ளிப்போடுவதே பொருள் வடிவமைப்பின் சாரம். குறு இழையோடு மிக நுண்ணிய டைட்டானியம் டைஆக்சைடு போன்ற துகள்களைச் சேர்த்த கூட்டுப்பொருள்களில், அத்துகள்கள் இழை முனையில் குவியும் தகைவைப் பகிர்ந்து இந்த எல்லையை உயர்த்துவதாக ஃப்ரீட்ரிக் குழுவினரின் ஆய்வுகள் விளக்குகின்றன.

5.4 உராய்வு வெப்பம்

உலர் உரசலின் வரம்பை வெப்பமே வகுக்கிறது. உராய்வுக் குணகம் 0.3, அழுத்தம் 1 மெகாபாஸ்கல், வேகம் நொடிக்கு 1 மீட்டர் எனில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 30 வாட் வெப்பம் பிறக்கும். பாலிமர் இதை எளிதில் கடத்தாது. கார்பன் இழை வெப்பக் கடத்தலை ஓரளவு உயர்த்தினாலும் வெப்பத்தின் பெரும் பகுதி எஃகின் வழியேதான் வெளியேற வேண்டும். தொடு பரப்பு கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலையைத் தாண்டினால் பாலிமர் இளகும். இழைக்குத் தாங்கல் போகும். தேய்மானம் திடீரெனப் பாயும். அழுத்தத்தையும் வேகத்தையும் பெருக்கி வரும் வரம்பு மதிப்பைப் பேரிங் அட்டவணைகள் தருவது இந்தப் பாய்ச்சலை முன்கூட்டியே தவிர்க்கத்தான்.

5.5 இழையின் திசை

நீள் இழைக் கூட்டுப்பொருளில் மூன்று திசைகள் உண்டு: உரசும் பரப்புக்குச் செங்குத்து, சறுக்கும் திசைக்கு இணை, சறுக்கும் திசைக்குக் குறுக்கு. குறுக்குத் திசையில் ஒவ்வொரு இழையும் பக்கவாட்டில் வளைக்கப்பட்டு எளிதில் பெயர்வதால், அது பெரும்பாலும் பின்தங்குகிறது. மற்ற இரண்டில் எது மேல் என்பது அடிப்பொருளையும் இடைமுகத்தையும் எதிர்த்தளத்தையும் பொறுத்து மாறுகிறது.

6. நீர்நிலையில் தேய்மானம்

நீர் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. அவற்றுள் சில நன்மை, சில தீமை. ஒரு கூட்டுப்பொருளின் இறுதித் தேய்மானம் இவற்றின் நிகர விளைவு.

6.1 குளிர்வித்தல்

இது கலப்பற்ற நன்மை. உராய்வு வெப்பத்தை நீர் உடனுக்குடன் வாங்கிச் செல்வதால் பாலிமர் இளகுவதில்லை. உலர்நிலையில் வெப்பத்தால் அழியும் அழுத்த, வேக அளவுகளிலும் நீருக்குள் இயங்க முடிகிறது.

6.2 ஒட்டுப்படலத்தைத் தடுத்தல்

இதுவே தீமைகளில் முதன்மையானது. எஃகின் பரப்பில் நீர் மூலக்கூறுகள் முந்திக்கொண்டு அமர்வதால் பாலிமர் துகளுக்கு ஒட்ட இடமில்லை. ஒட்டிய சிறிதும் கழுவப்படுகிறது. சந்தனக் கட்டையைக் கல்லில் உலர உரசினால் தூள் கல்லின் கண்களை அடைத்து உரசல் மந்தப்படும். நீர் தெளித்து உரசினால் ஒவ்வொரு சுற்றிலும் விழுது வழிந்து கல் புதுப்பரப்பைக் காட்ட, கட்டை தொடர்ந்து கரையும். எஃகின் மேடுகளும் நீருக்குள் இவ்வாறே மூடப்படாமல் நின்று, கூட்டுப்பொருளை இடைவிடாமல் வெட்டுகின்றன.

படலத்தை நம்பித் தேய்மானத்தைக் குறைக்கும் பொருள்கள் இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றன. நிரப்பி சேர்த்த டெஃப்லான் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. உலர்நிலையில் சிறந்து விளங்கும் அது நீருக்குள் உராய்வு குறைந்தும் பல மடங்கு கூடுதலாகத் தேயக்கூடும். படலத்தைவிடத் தன் இழைகளின் வலுவையே நம்பும் கார்பன் இழை–பீக் இங்கே தாக்குப்பிடிக்கிறது. எதிர்த்தளம் பற்றிய விதியும் மாறுகிறது: நீருக்குள் எஃகு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

6.3 உயவுப் படலம் தருதல்

தண்டு வேகமாகச் சுழலும்போது நீர் ஆப்பு வடிவ இடைவெளிக்குள் இழுக்கப்பட்டுச் சுமையைத் தாங்குகிறது. பரப்புகள் முற்றாகப் பிரிந்தால் தேய்மானமே இல்லை. ஆனால் 20 டிகிரி செல்சியஸில் நீரின் பாகுத்தன்மை சுமார் 1 மில்லிபாஸ்கல்-நொடி. எந்திர எண்ணெய்களுடையது இதைவிடப் பல பத்து மடங்கு. எண்ணெயைப்போல் நீர் அழுத்தத்தில் கெட்டிப்படுவதும் இல்லை. ஆகவே கிடைக்கும் நீர்ப்படலம் மிக மெல்லியது. ஒரு மைக்ரோமீட்டரில் ஒரு பங்கு உயரத்துக்குத் துருத்திய இழை முனையே அதைத் துளைக்கப் போதும். எந்திரம் தொடங்கும்போதும் நிற்கும்போதும் படலம் இருக்காது. நீர்ப்பேரிங்கின் தேய்மானத்தில் பெரும்பகுதி இந்த நேரங்களில்தான் நிகழ்கிறது. சீரான வேகத்தில் மட்டும் செய்த சோதனை இதைக் காட்டாது.

6.4 அடிப்பொருளையும் இடைமுகத்தையும் தளர்த்துதல்

உறிஞ்சப்பட்ட நீர் பாலிமர்ச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து இளக்குகிறது. எப்பாக்சியில் ஒரு விழுக்காடு நீருக்குக் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை சுமார் 20 டிகிரி செல்சியஸ் இறங்கும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. மென்மையான அடிப்பொருள் இழையைத் தாங்காது. அதோடு பாலிமர் உப்பும், இழையோ உப்பாது. இந்த வேறுபாட்டால் இடைமுகத்தில் தகைவு பிறக்கிறது. அங்கே தோன்றிய நுண்வெடிப்புக்குள் நீர் நுழைந்து அதை மேலும் வளர்க்கிறது. உலர்நிலையில் மெலிந்து தேய வேண்டிய இழை, நீருக்குள் முழுத்துண்டாகப் பிடுங்கப்படுவதன் காரணம் இதுவே. உப்பிய பேரிங் தண்டோடு விட்ட இடைவெளியையும் விழுங்கிவிடலாம். நைலான் பேரிங்குகளில் இந்த அபாயம் மிக அதிகம்.

6.5 எதிர்த்தளத்தை அரித்தல்

கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். கடல்நீரில் உலோகங்களை அவற்றின் மின்னழுத்தப்படி வரிசைப்படுத்தினால் கிராஃபைட், பிளாட்டினத்தை ஒட்டி உன்னத முனையில் நிற்கிறது. சாதாரண எஃகோடு அது உப்புநீரில் தொட்டுக்கொண்டால் மின்கலம் உருவாகி எஃகு கரையும். துருப்பிடித்துக் குழிந்த தளம் கூட்டுப்பொருளை அரம்போல் அராவும். துருப்பிடிக்காத எஃகும் முழுப் பாதுகாப்பு அல்ல. அதைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தைத் துருத்திய இழை ஒவ்வொரு சுற்றிலும் கீற, கீறிய இடம் மீண்டும் ஆக்சிஜனேற, தேய்மானமும் அரிப்பும் ஒன்றையொன்று தூண்டுகின்றன. கண்ணாடி இழைக்கும் அராமிட் இழைக்கும் இல்லாத இந்தச் சிக்கல் கார்பன் இழைக்கே உரியது. நன்னீரைவிடக் கடல்நீரில் கடுமையானது.

நீர் செய்யும் இன்னொரு நன்மையையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். உடைந்த இழைத் துண்டுகளை அது அடித்துச் செல்கிறது. பேரிங்கின் உட்புறத்தில் நீளவாக்கில் பள்ளங்கள் வெட்டினால் துகள்கள் அவற்றின் வழியே வெளியேறும். மூன்றாம் பொருள் கீறல் குறையும்.

7. ஈரக்காற்றும் மூழ்கிய நிலையும்

நீர் என்றால் மூழ்கும் நீர் மட்டுமல்ல. காற்றிலுள்ள ஈரத்துக்குத் தனிப் பங்கு உண்டு. கிராஃபைட் தன் வழுக்கலுக்கு நீராவியை நம்பியிருப்பதை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர் சாவேஜ் 1948இல் எடுத்துரைத்தார். இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்னாக்கிக் கார்பன் பிரஷ்கள் விரைவில் தூளாகிப் போனதன் மூலக்காரணம், அந்த உயரத்தின் வறண்ட காற்று. விமானப் பிரேக்குகளில் பயன்படும் கார்பன்–கார்பன் கூட்டுப்பொருளிலும், உராய்வு வெப்பத்தால் பரப்பில் ஒட்டியிருந்த நீர் ஆவியாகிப் போனதும் உராய்வு திடீரென உயர்ந்து தூள் தேய்மானம் தொடங்குகிறது.

அலுமினா சேர்த்த டெஃப்லானின் நடத்தை இதைவிட நுட்பமானது. ஈரக்காற்றில் அதன் தேய்மானம் மிகக் குறைவு. உடைந்த சங்கிலி முனைகள் ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து, உலோகத்தை இறுகப் பற்றும் வேதிக்கூறுகளாக மாறி, உறுதியான படலத்தை அமைக்கின்றன. வறண்ட சூழலிலும் தேய்மானம் கூடுகிறது, நீருக்குள் மூழ்கடித்தாலும் கூடுகிறது. ஈரம் படலத்தை உருவாக்க உதவுகிறது. வெள்ளமான நீர் அதைத் தங்கவிடுவதில்லை. சோதனை அறிக்கையில் உலர்நிலை என்று மட்டும் எழுதுவது ஏன் போதாது என்பது இதனால் விளங்கும். காற்றின் ஈரப்பத விழுக்காட்டையும் எழுத வேண்டும்.

8. ஒரு வரலாற்றுப் படிப்பினை

மனித உடலும் ஒரு நீர்நிலைச் சோதனைக்கூடம். செயற்கை மூட்டுகளில் எஃகு அல்லது கோபால்ட் கலவை உலோகத்தோடு உரசும் பாலிஎத்திலீனின் ஆயுளைக் கூட்ட, 1970களில் அதில் கார்பன் இழைத் துண்டுகளைச் சேர்த்துச் செயற்கை முழங்கால் மூட்டுகளில் பொருத்தினார்கள். ஆய்வகத்தின் தொடக்கச் சோதனைகள் நம்பிக்கை தந்தன. உடலுக்குள் சில ஆண்டுகள் இருந்து வெளியே எடுக்கப்பட்ட மூட்டுகளில் பரப்பு சிதைந்து, இழைகள் பெயர்ந்து, சுற்றியுள்ள திசுவில் கார்பன் துகள் படிந்திருந்தது. பாலிஎத்திலீன் இழையோடு சரியாகப் பிடிக்கவில்லை. களைப்பு வெடிப்பு, இழை சேர்க்காத பாலிஎத்திலீனில் பரவுவதைவிட வேகமாகப் பரவியது. அப்பொருள் கைவிடப்பட்டது.

இழை சேர்த்ததும் வலுவும் விறைப்பும் கூடின. தேய்மானமும் குறையும் என்று கருதியதுதான் தவறு. ஈரமான சூழலில், திரும்பத் திரும்ப வரும் சுமையின் கீழ் இடைமுகம் தாங்குமா என்ற கேள்வி முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டும். வலி தீருமென்று நம்பி வந்த நோயாளிகள் மறு அறுவைக்கு ஆளானார்கள். தேய்மான ஆய்வில் அக்கறைக் குறைவுக்கு இடமே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

9. வடிவமைப்புக்கான வழிகாட்டல்

மேற்கண்ட ஆய்விலிருந்து நீர்ப்பேரிங்குக்கான தேர்வு நெறிகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, அடிப்பொருள் நீரை மிகக் குறைவாக உறிஞ்ச வேண்டும். அதேசமயம் இழையைத் தாங்கும் விறைப்பும் வேண்டும். நைலான் முதல் தேவையில் தோற்கிறது, டெஃப்லான் தனித்து இரண்டாவதில் தோற்கிறது. பீக் இரண்டையும் நிறைவு செய்கிறது.

இரண்டாவது, இழையின் மேற்பூச்சு அடிப்பொருளோடு பொருந்த வேண்டும். வாங்கும்போது இழையின் அளவை மட்டும் கேட்காமல் பூச்சின் வகையையும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, எதிர்த்தளம் வழவழப்பாகவும் அரிப்பைத் தாங்குவதாகவும் கடினமாகவும் இருக்க வேண்டும். கடல்நீரில் சாதாரண எஃகைத் தவிர்த்து, அரிப்பைத் தாங்கும் உயர்கலப்பு எஃகையோ பீங்கான் பூச்சையோ நாட வேண்டும். மென்மையான வெண்கலத் தண்டுறைக்குக் கிராஃபைட் தன்மை மிக்க இழையே ஏற்றது.

நான்காவது, இடைவெளியை நிர்ணயிக்கும்போது வெப்ப விரிவோடு நீரால் உப்பும் அளவையும் சேர்க்க வேண்டும்.

ஐந்தாவது, சோதனையைப் பயன்படும் நீரிலேயே, தொடங்கி நிறுத்தும் சுழற்சிகளோடு, முன்பே ஊறவைத்த மாதிரியில் நடத்த வேண்டும்.

10. முடிவுரை

தன் தேய்மான வீதம் ஒரு பொருளின் பண்பென அட்டவணைகளில் அச்சிடப்படுகிறது. உண்மையில் அது கூட்டுப்பொருள், எதிர்த்தளம், ஊடகம் ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்புக்கு உரியது. ஊடகத்தை மாற்றினால் எண்ணும் மாறும். உலர்நிலையில் கார்பன் இழைக் கூட்டுப்பொருளின் எதிரி வெப்பம், காவல் ஒட்டுப்படலம். நீர்நிலையில் வெப்பம் அகன்றுவிடுகிறது, காவலும் அகன்றுவிடுகிறது. அங்கே பொருளைக் காப்பவை இடைமுகத்தின் பிடிப்பும் எதிர்த்தளத்தின் தரமும் மட்டுமே. உராய்வுக் குணகம் குறைந்ததைக் கண்டு தேய்மானமும் குறைந்ததென முடிவு செய்வது இத்துறையில் மிகச் செலவு பிடிக்கும் தவறு.

உலர்நிலையில் பெற்ற எண்ணைக் கொண்டு நீருக்குள் இயங்கும் பேரிங்கின் ஆயுளைக் கணக்கிடக் கூடாது என்பதே இவ்வாய்வின் முடிபு. பேரிங் விற்போர் இரண்டு நிலைகளின் எண்களையும், நீரின் வகையையும், எதிர்த்தளத்தின் சொரசொரப்பையும் ஒருசேர வெளியிட வேண்டும். வாங்குவோர் அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். ஆறுகளிலும் கடலிலும் எண்ணெய் கலக்காத எந்திரங்களை நோக்கி உலகம் நகரும் இந்நாளில், நீர்நிலைத் தேய்மானத்தைத் தனி அளவாக மதித்து அளக்கும் ஒழுங்கு பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் தொழிற்கூடங்களிலும் உடனே நிலைபெற வேண்டும்.